நூற்றொன்பதாம் சங்கீதத்தின் பாதி

எசெக்ஸ் சீமையில் எங்கள் தோர்ன்ஹோ கோயிலில் என்னைத் தவிர எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேருக்குப் பார்வை போய்விட்டது. ஒருவர் பாதிரியார். மிச்சம் நான்கு பேரில் மூன்று பேர் பிரசங்கம் தொடங்கும் முன்பே தூங்கிவிடுவார்கள். ஆகவே ஊர் முழுவதும் சங்கீதம் பாடியது என் வாயைப் பார்த்துத்தான்.

பாதிரியாரின் மேடைக்குக் கீழே எனக்கென்று ஒரு மேசை. நான் எழுந்து ஓர் அடியைச் சொல்வேன், ஊர் அந்த அடியைப் பாடும். அடுத்த அடியைச் சொல்வேன், அதையும் பாடும். அவர்கள் இழுக்கிற இழுப்பில் ஓர் அடி முடிவதற்குள் வாசலில் ஒரு மாட்டு மந்தை கடந்துவிடும். ஆனாலும் பாடுவார்கள். பாடாதவனைப் பக்கத்து பெஞ்சுக்காரன் திரும்பிப் பார்ப்பான். அந்த வருஷம் ராஜாவும் பார்லிமெண்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

வாரத்தில் ஆறு நாள் நான் கையுறை தைப்பவன். ஏழாம் நாள் கோயில் கிளார்க் ஜெர்வஸ் லாங்லி. பதினாறு வருஷமாக எந்தச் சங்கீதம், என்ன மெட்டு, எத்தனை அடி என்பதெல்லாம் என் இஷ்டம். பாதிரியார் அந்த நேரத்தில் பிரசங்கக் குறிப்பைச் சட்டைக்குள் தேடிக்கொண்டிருப்பார். அதிகாரம் கையில் இருந்தால் விரல் சும்மா இருக்குமா? பெண்டாட்டியை அடித்தவன் வந்திருந்தால் கொடுமைக்காரனைப் பற்றிய பாட்டை எடுப்பேன். பொய்ச்சாட்சி சொன்னவன் வந்தால் நாக்கைப் பற்றிய பாட்டு. கோயில் வாசலிலேயே ஆட்கள் கேட்பார்கள்.

"இன்னைக்கு யாருக்குப் பாட்டு, கிளார்க்கய்யா?"

"உக்காந்து பாடு. உனக்கா இருந்தா உனக்கே தெரியும்" என்பேன்.

இப்படித் தொடங்கிய விளையாட்டுதான். யாரும் தடுக்கவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கு அதில் ருசி இருந்தது.

மைல்ஸ் தர்கூட் எங்கள் கோயிலின் காப்பாளன், கோயில் கணக்கும் ஆட்களை வைப்பதும் எடுப்பதும் அவன் கையில். நூறு ஏக்கர் நிலம், இரண்டு கொட்டில், ஒரு கட்டைக் குரல். கையெழுத்துக்குப் பதில் ஒரு கோடு கிழிப்பான். அந்த மார்ச் மாதத்தில் சாராயக்கடையில் நாலு பேர் நடுவே உட்கார்ந்து அவன் சொன்னது என் காதுக்கு அன்று மாலையே வந்துவிட்டது.

"ஜெர்வஸ் அடி சொன்னா, கெணத்துல விழுந்த கன்னுக்குட்டி கத்துற மாதிரி இருக்குப்பா. ஈஸ்டர் முடியட்டும். அந்த மேசையில என் மச்சான உக்கார வைக்கிறேன் பாரு."

நாலு பேரும் சிரித்தார்களாம். அதைச் சொல்ல வந்தவனும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னான். என் குரலைச் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். அந்த மேசையை விட்டால் நான் வெறும் கையுறைக்காரன், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு நான் எடுத்தது நூற்றொன்பதாம் சங்கீதம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எதிரியின் ஆயுசு குறைய வேண்டும், அவன் பதவி வேறொருவனுக்குப் போக வேண்டும், அவன் பிள்ளைகள் தெருத்தெருவாக அலைய வேண்டும், அவன் பெயரே அழிய வேண்டும் என்று பாதிப் பாட்டு கேட்கும். மீதிப் பாதியில் பாடுகிறவன் தன் இல்லாமையைச் சொல்லி அழுவான், சபிக்கிறவர்கள் சபிக்கட்டும், நீர் ஆசீர்வதியும் என்பான், ஏழைக்குப் பக்கத்தில் ஆண்டவர் நிற்கிறார் என்று முடிப்பான். நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன். இருக்கிற மெட்டுகளில் மிகவும் கனமான மெட்டைப் போட்டேன். ஒவ்வொரு அடியையும் முன் பெஞ்சில் இருந்த தர்கூட்டைப் பார்த்தே சொன்னேன். அவன் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. ஆனாலும் பாடினான். தன் பிள்ளைகள் நாசமாகப் போகட்டும் என்று தன் வாயாலேயே, கட்டைக் குரலில், ஊரோடு சேர்ந்து பாடினான். சாபம் முடிந்த அடியில் நான் புத்தகத்தை மூடினேன். ஊர் உட்கார்ந்தது.

வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் என் மனைவி டார்கஸும் ஒரு சங்கீதம் பாடுவது வழக்கம். அவளுக்குப் படிக்கத் தெரியும். தூங்காத அந்த நாலாவது ஆள் அவள்தான். கஞ்சிப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் புத்தகத்தை விரித்தாள்.

"காலையில பாதியில நிறுத்திட்டீங்க. மிச்சத்த இங்க பாடி முடிச்சிரலாம்."

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு."

"காலையில நல்லாத்தான இருந்துச்சு. தர்கூட்டப் பார்த்து ஒவ்வொண்ணா எடுத்துவிட்டீங்க."

"இப்ப கட்டிக்கிச்சு. விடு."

அவள் தனியாகவே மீதியைப் பாடினாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீதியிருந்த பதினோரு வசனமும் அந்த வாரம் எங்கள் ஊரில் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஏவிஸ் பெட்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்காரி, கணவனைப் பட்டாளத்தார் சண்டைக்குக் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பவில்லை. ஊர்த் துணிகளை ஓடையில் துவைத்துப் பிழைத்தாள். ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் நான் ஒரு முறை சொன்னால் போதும், சாகும்வரை மறக்க மாட்டாள். பெண்கள் பக்கத்தில் முதலில் எழும்புவது அவள் குரல்தான். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். நான் அடியைச் சொல்லும்போது வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பாள். அவள் இருந்ததால்தான் எங்கள் கோயிலில் பாட்டு பாட்டாக இருந்தது. இதை அவளிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஞாயிறு கேட்ட சங்கீதத்தை அவள் வாரம் முழுக்கப் பாடுவாள். காலையில் எழுந்ததும் ஒரு முறை, விளக்கு வைத்ததும் ஒரு முறை, நடுவில் துணி அடிக்கும்போதெல்லாம். வீட்டில் புத்தகம் இல்லாதவளுக்கு ஜெபம் அதுதான். பாட்டின் பொருளைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆண்டவர் வார்த்தை என்றால் எல்லாம் ஒன்றுதான் அவளுக்கு.

அந்த வாரமும் பாடினாள். ஓடை தர்கூட் வீட்டின் பின்புறமாக ஓடுகிறது. திங்கட்கிழமை அவன் மனைவி ஒரு படுக்கைவிரிப்பு கிழிந்துவிட்டது என்று ஏவிஸிடம் கத்தியிருக்கிறாள். ஏவிஸ் பதில் பேசாமல் திரும்பிப் போய்த் துணியை அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்திருக்கிறாள். செவ்வாய் பாடினாள். புதன் பாடினாள். வியாழன் தர்கூட்டின் இரண்டு வயது மகன் பெனட்டுக்குக் காய்ச்சல் வந்தது. மறு திங்கள் செத்துப்போனான். அந்தப் பிள்ளையின் சின்னக் கைகளுக்குக் குளிர்காலத்தில் நான்தான் கையுறை தைத்துக் கொடுத்தேன். பெட்டிக்குள் வைத்தபோது அதைப் போட்டுவிட்டிருந்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. நூற்றொன்பதைக் காலையும் மாலையும் விடாமல் ஒருவன்மேல் பாடினால் அவன் வீட்டில் பிணம் விழும். மேடையில் பாதிரியார்கள் இதை அஞ்ஞானம் என்பார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தலையாட்டிவிட்டு நம்புவார்கள். அந்த வருஷம் எசெக்ஸ் முழுக்கச் சூனியக்காரிகளைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் தர்கூட் என்னை நிறுத்தினான். அவன் கண்கள் வீங்கியிருந்தன. என்னைத்தான் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"அந்த வண்ணாத்தி என் வீட்டுப் பின்னாடி நின்னு ஒரு வாரமா என்ன பாடினான்னு தெரியுமா, ஜெர்வஸ்?"

"அது கோயில்ல பாடினதுதானேப்பா" என்றேன்.

"கோயில்ல ஊரோட பாடினா அது ஜெபம். ஓடைக்கரையில தனியா ஒருத்தி அந்தியும் சந்தியும் பாடினா அதுக்குப் பேரு என்ன? நீயே சொல்லு, நீ படிச்சவன்."

அவன் என்னைச் சந்தேகிக்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதிதான் வந்தது. அவனைப் பொறுத்தவரை நான் ஞாயிறன்று செய்தது வெறும் குத்தல். ஆண்கள் ஒருவரை ஒருவர் குத்திக்கொள்வது வழக்கம்தானே. கொல்வதென்றால் அது ஏழைப் பெண்ணின் வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

சூனியக்காரி என்று ஏவிஸைப் பிடித்து மூன்று நாள் ஒரு கொட்டிலில் தூங்கவிடாமல் நடத்திக்கொண்டே இருந்தார்கள். உட்கார்ந்தால் எழுப்பி நடக்க வைப்பார்கள். நாலு பெண்கள் அவள் உடம்பு முழுக்கத் தேடி, பிசாசு வைத்த அடையாளம் என்று ஒரு மச்சத்தைக் கண்டுபிடித்தார்கள். நாலாம் நாள் நீதிபதியின் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், புத்தகத்தோடு.

நீதிபதி கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் மோசம். மனுஷர் நியாயமாக நடக்கப் பார்த்தார்.

"இங்க பாரும்மா. பிசாசோட சேர்ந்தவ நாக்கு ஆண்டவர் வார்த்தைய முழுசாச் சொல்லாது. நீ அந்தச் சங்கீதத்த முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பாடு. பிசகில்லாமப் பாடிட்டா நான் உன்ன வீட்டுக்கு அனுப்புறேன்." என் பக்கம் திரும்பினார். "கிளார்க், புத்தகத்தப் பார்த்துக்கிட்டே வா. ஒரு வார்த்தை மாறினாலும் நிறுத்து."

ஏவிஸின் முகம் தெளிந்தது. பாடு என்று சொன்னால் அவளுக்கு என்ன பயம்? கால்கள் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் குரல் அப்படியே இருந்தது. நான் விரலால் அடிகளைத் தொட்டுக்கொண்டே போனேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் எங்கே மூச்சு விட்டேனோ அங்கேதான் அவளும் மூச்சு விட்டாள். கூடத்தில் நின்றவர்கள் தலைகுனிந்து கேட்டார்கள். சாபம் முடிந்த அடிக்கு வந்தாள். நிறுத்தினாள். முடித்துவிட்டேன் என்று சந்தோஷமாக நீதிபதியைப் பார்த்தாள்.

"மேல பாடும்மா."

"அவ்வளவுதாங்கய்யா."

"அவ்வளவுதானா?" நீதிபதி என்னைக் கேட்டார். "கிளார்க், அவ்வளவுதானா?"

ஊருக்கே தெரியுமே, பாதிதானே பாடினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஊருக்குத் தெரியாது. நான் நிறுத்துகிற இடம்தான் ஊருக்குப் பாட்டின் முடிவு. பாதிரியார் அன்று குறிப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தூங்கினார்கள். அந்தக் கூடத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான் ஐயா என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: ஏன் பாதியில் நிறுத்தினாய்? தர்கூட் மூன்றடி தள்ளி நின்றான். சாராயக்கடைக் கதை எல்லோருக்கும் தெரியும். அவன் வீட்டின்மேல் சாபத்தை எடுத்துவிட்டவன் யார் என்று அந்த நிமிஷமே ஊருக்கு விளங்கிவிடும். மச்சம் என் உடம்பிலும் இருக்கிறது.

"இல்லைங்கய்யா. இன்னும் பதினோரு வசனம் இருக்கு" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. எவ்வளவு யோக்கியன் பாருங்கள்.

ஏவிஸ் என் பக்கம் திரும்பினாள். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் அடுத்த அடியைச் சொல்வேன், பாடிவிடலாம் என்று காத்திருந்தாள். பதினாறு வருஷமாக நான் சொல்லாமல் விட்டதில்லையே. நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டத நான் மறந்ததில்லீங்களே" என்றாள் கடைசியில், மெதுவாக. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

நீதிபதி பெருமூச்சு விட்டார். "சாபம் அத்தனையும் நாக்குல நிக்குது. இரக்கம் வர்ற எடத்துல நாக்கு நின்னுபோச்சு. நான் என்ன பண்ணட்டும்?" பேனாவை எடுத்தார்.

டார்கஸிடம் அன்று மாலை நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"போய்ச் சொல்லுங்க. பாதிதான் சொல்லிக்கொடுத்தேன்னு ரெண்டு வார்த்தை."

"ஏன் பாதின்னு கேப்பாங்க."

"அதையும் சொல்லுங்க."

"சொன்னா அவ நிக்கிற எடத்துல நான் நிக்கணும்டீ."

"அப்ப நில்லுங்க" என்றாள்.

நான் நகரவில்லை. அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு நீதிபதி வீட்டுப் பாதையில் பாலம் வரைக்கும் நடந்தாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். பாலத்தில் நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். புருஷனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கும் கால் வரவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பின் எங்கள் வீட்டில் பாட்டு இல்லை.

ஜூலையில் விசாரணை நடந்தது. அதற்குள் நாலு மாதம் சிறையில் கிடந்தாள். அவளுக்குத் தண்டனை வாங்கிக்கொடுத்தது தர்கூட்டின் சாட்சி இல்லை, அவள் வாயே. சிறைக்காவலன் சொன்னான்: இரவு பகலாகச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு அந்தப் பதினோரு வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தாளாம். நிச்சயம் கேட்டிருப்பேன், கிளார்க்கய்யா அரைகுறையாகச் சொல்கிறவர் இல்லை, கேட்டது என்னிடம் இருந்திருக்கிறது, இப்போது இல்லை என்றால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். நீதிமன்றத்தில் கேட்டபோது அதையே சொன்னாள். "பிசாசு என் மனசுக்குள்ள வந்து போயிருக்கணும். இல்லேன்னா ஆண்டவர் வார்த்தை எங்க போச்சு?" போதுமே. எழுதிக்கொண்டார்கள்.

தூக்குமேடையில் கடைசியாக ஒரு சங்கீதம் பாட விடுவது வழக்கம். அவள் கேட்டது இரண்டு. எங்க ஊர் கிளார்க்கு வந்து அடி சொல்லட்டும், அவர் குரல்தான் எனக்குப் பிடிபடும். பாட்டு, நூற்றொன்பது. சிறைப் பாதிரியார் திகைத்துப்போய் மறுத்தாராம். "அதுக்கு நல்ல முடிவு இருக்குன்னு நீதிபதி ஐயா சொன்னாரு. அத மட்டும் கேட்டுட்டுப் போறேன்" என்று அழுதாளாம். மனமிரங்கி விட்டுக்கொடுத்தார்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வர மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்றுதான் போனேன். அன்றைக்கும் எனக்கு அந்தப் பயம்தான்.

ஏணியில் பாதிப் படியில் நிறுத்தியிருந்தார்கள், கழுத்தில் கயிறோடு. பாதியாக இளைத்திருந்தாள். தலையில் முடி வெட்டப்பட்டிருந்தது. வெயிலில் ஐந்நூறு பேர் நின்றார்கள். தர்கூட் முன்வரிசையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. நான் ஏணியின் அடியில் போய் நின்று புத்தகத்தை விரித்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது. அதைப் பார்த்த கண்ணைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மீதிப் பாதியின் முதல் அடியைச் சொன்னேன். இழுத்து, தெளிவாக, ஒரு வார்த்தையும் விழுங்காமல் சொன்னேன். அவள் பாடினாள். கூட்டமும் பாடியது. என் எளிமையைப் பாரும் என்று பாடினாள். உபவாசத்தில் என் முழங்கால் தள்ளாடுகிறது என்று பாடினாள். சபிக்கிறவர்கள் சபிக்கட்டும், நீர் ஆசீர்வதியும் என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது, உடனே சரியாக்கிக்கொண்டாள். தர்கூட்டும் பாடினான், கன்னத்தில் தண்ணீர் ஓட. கடைசி அடி: ஏழையின் வலப்பக்கத்தில் நிற்கிறார். அது முடிந்தபோது ஐந்நூறு பேரில் ஒருவரும் இருமக்கூட இல்லை.

அவள் மேலிருந்து குனிந்து என்னைக் கேட்டாள். ரகசியமாக இல்லை, எல்லோருக்கும் கேட்கும்படிதான்.

"அழகா இருக்கு, கிளார்க்கய்யா. இத அன்னைக்குக் கோயில்லயும் சொன்னீங்கதானே?"

இல்லை என்ற ஒரு சொல். அது அவள் உயிரைத் திருப்பித் தந்திருக்காது, கயிறு விழுந்தாயிற்று. ஆனால் தன்னிடமிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை, தான் பிசாசுக்கு விற்கப்பட்டவள் இல்லை என்று தெரிந்துகொண்டு போயிருப்பாள். அவள் கேட்டதும் அதைத்தான். முன்வரிசையில் தர்கூட் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"சொன்னேன், ஏவிஸ்" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"அப்ப அந்தப் பிசாசுதான் எடுத்துட்டுப் போயிருக்கு" என்றாள். அவள் காலடியிலிருந்து ஏணியைப் புரட்டிவிட்டார்கள்.